மோட்டார் போதவில்லை என்று நினைத்த ஒரு பிளாஸ்மா மேசை: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரும்பு வேலைப் பட்டறை நடத்தும் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு சிஎன்சி பிளாஸ்மா மேசையை, அதாவது கணினி சொல்லும் பாதையில் டார்ச்சை நகர்த்தி மின்வில்லின் சூட்டால் தகடு வெட்டும் மேசையை, தானே கட்ட ஆரம்பித்தார். பிராக்கெட், ஃபிளேஞ்ச், கேட்டுக்கான அலங்காரத் தகடு என்று அவருக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி 1.5 மி.மீ. முதல் 6 மி.மீ. வரையிலான தகடுதான். எப்போதாவது 10 மி.மீ. வரும். கையால் டார்ச் பிடித்து வெட்டி, விளிம்பைக் கிரைண்டரில் தேய்த்துச் சரிசெய்வதிலேயே பாதி நேரம் போய்க்கொண்டிருந்தது. 45 ஆம்பியர் அளவுள்ள ஏர் பிளாஸ்மா மெஷின் ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது.

வெல்டிங்கில் கை தேர்ந்தவர் என்பதால் மேசையின் சட்டத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. 1250க்கு 2500 மி.மீ. வெட்டும் பரப்பு. நீளவாக்கில் இரு பக்கமும் ரேக் என்னும் பல் வைத்த நேர்கம்பி, அதன் மேல் ஓடும் கேன்ட்ரி என்னும் குறுக்குச் சட்டம், கேன்ட்ரியில் குறுக்கே நகரும் வண்டி, வண்டியில் மேலும் கீழும் போகும் டார்ச். மின்சாரம், எலெக்ட்ரானிக்ஸ் பக்கத்தை அவருடைய தங்கை மகன் பார்த்துக்கொண்டார். கல்லூரி முடித்தவர், ஆர்டுயினோ என்னும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் பழக்கம் உள்ளவர். மேசை ஓட ஆரம்பித்தும் உருப்படியாக எதுவும் வெட்டாத கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அங்கிருந்து நடந்தவற்றை வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

முதலில் பூட்டியிருந்தவை

நான்கு நீமா 34 அளவு ஸ்டெப்பர் மோட்டார்கள் (ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு சின்ன அடியாகச் சுற்றுபவை), ஒவ்வொன்றும் 8.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நீள அச்சுக்கு இரண்டு, குறுக்கு அச்சுக்கு ஒன்று, டார்ச்சை ஏற்றி இறக்க ஒன்று. அரைக் கிலோ டார்ச்சைத் தூக்க நான்கு கிலோ மோட்டார் எதற்கு என்று கேட்டேன். "நாலும் ஒரே மாதிரி இருந்தா ஸ்பேருக்கு ஆகும்னு வாங்கினோம்" என்றார் உரிமையாளர். நியாயம்தான். ஆனால் அந்த நான்கு மோட்டார்களும் கேன்ட்ரி மேலேயே சவாரி செய்கின்றன. கேன்ட்ரியைக் கழற்றி எடை போட்டபோது 36 கிலோ வந்தது. அதில் ஏறக்குறைய 16 கிலோ மோட்டார்களுடையது.

ரேக்கில் கடித்து ஓடும் பல்சக்கரமான பினியன் மாட்யூல் (பல்லின் அளவு) 1.5, 20 பல். அதை மோட்டார் தண்டிலேயே நேராக மாட்டியிருந்தார்கள். மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர்கள் 50 வோல்ட் வரை தாங்கக்கூடியவை, அதிகபட்சம் 4.2 ஆம்பியர். அவற்றுக்கு 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை. மோட்டார் லேபிளிலோ 6 ஆம்பியர், 6 மில்லிஹென்ரி (காயிலின் இன்டக்டன்ஸ், அதாவது கரன்ட் மாறுவதை எதிர்க்கும் அளவு) என்று இருந்தது. கண்ட்ரோலர் என்பது ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் என்னும் இயக்க மென்பொருள், யுஎஸ்பி வழியாக லேப்டாப்போடு இணைப்பு. அச்சின் எல்லையைக் காட்டும் லிமிட் சுவிட்சுகள் நேராக 5 வோல்ட்டில். மோட்டாரை நகரச் சொல்லும் ஸ்டெப் சிக்னல் போகும் சாதாரண ஒயர்களை டார்ச் கேபிளோடு சேர்த்தே டை போட்டுக் கட்டியிருந்தார்கள். பார்க்க மிக ஒழுங்காக இருந்தது. சிக்கலின் பாதி அந்த ஒழுங்கில்தான் இருந்தது.

கவனித்தவை

நான்கு விதமான தொல்லைகளைச் சொன்னார்கள். 1.5 மி.மீ. தகட்டில் வட்டம் வெட்டினால் விளிம்பில் நெளிநெளியாகச் சின்ன அலை. உள்மூலைகளில் கசடு சேர்ந்து மூலை வீங்கிவிடுகிறது. நாலைந்து துண்டு வெட்டிய பிறகு அடுத்த துண்டு சில மி.மீ. தள்ளி விழுகிறது. நான்காவது, டார்ச் பற்ற வைத்த கணத்தில் சில சமயம் லேப்டாப்பில் இணைப்பு அறுந்துபோகிறது, அல்லது எதுவும் தொடாமலே லிமிட் சுவிட்ச் அடித்ததாக மெஷின் நின்றுவிடுகிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே நோயாகப் பார்த்தார் உரிமையாளர். "மாப்ளே, இன்னும் பெரிய மோட்டாராப் பார்த்து மாத்திடலாம். பத்து எம்எம் பிளேட்டை இது இழுக்காது."

"பத்து எம்எம் நாம இன்னும் போடவே இல்லையே மாமா. ஒன்றரை எம்எம்லயே தகராறு பண்ணுது" என்றார் மருமகன்.

அந்தப் பதில்தான் சரியான நூல் முனை. மோட்டார் பலம் போதாமல் ஸ்டெப் விடுபட்டால், அது வேகத்தோடும் பாரத்தோடும் சேர்ந்து நடக்க வேண்டும். டார்ச் எரிகிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை என்று முடிவு செய்தோம்.

பிரித்துப் பார்த்த சோதனை

டார்ச் இருந்த இடத்தில் பேனாவைப் பிடிப்பித்து, மேசை மேல் காகிதம் விரித்து, தொல்லை தந்த அதே புரோகிராம்களை ஓட்டினோம். பிளாஸ்மா மெஷினின் மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது.

அலை காகிதத்திலும் வந்தது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 மி.மீ.க்கும் 5500 மி.மீ.க்கும் இடையில் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலே போனால் குறைந்தது. ஆனால் இடம் தள்ளிப்போவது ஒருமுறைகூட நடக்கவில்லை. வேகமாக ஓட்டினோம், திரும்பத் திரும்ப ஓட்டினோம், கேன்ட்ரியின் மேல் கூடுதல் பாரம் வைத்தும் ஓட்டினோம். பேனா ஆரம்பித்த புள்ளிக்கே திரும்பி வந்து நின்றது.

அப்புறம் இன்னொன்று செய்தோம். பேனா வரைந்துகொண்டிருக்கும்போதே, மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்ட ஒரு பழைய தகட்டில் உரிமையாளர் கையால் டார்ச்சைப் பற்றவைத்தார். மெஷின் எதையும் வெட்டவில்லை, இழுக்கவில்லை. இருந்தும் இணைப்பு அறுந்தது. மறுமுறை ஓட்டியபோது கோடு 2 மி.மீ. தள்ளி விழுந்தது. உரிமையாளருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆக இரண்டு தனித்தனி நோய்கள். அலையும் மூலைக் கசடும் இயக்கத்தைச் சேர்ந்தவை. இடம் தள்ளுவதும் மெஷின் நிற்பதும் மின் இரைச்சலை, அதாவது ஒயர்களில் புகும் வேண்டாத மின்துடிப்பை, சேர்ந்தவை. இரண்டிலுமே மோட்டாரின் பலம் குற்றவாளி இல்லை.

கணக்கு

மரத்தையோ அலுமினியத்தையோ கட்டர் கொண்டு கடையும் மெஷினில் கட்டர் பொருளை முட்டித் தள்ள வேண்டும். பிளாஸ்மாவில் டார்ச் தகட்டைத் தொடுவதே இல்லை. 1.5 மி.மீ. ஆனாலும் 10 மி.மீ. ஆனாலும் மோட்டாருக்கு வெட்டுவிசை பூஜ்யம்தான். மோட்டார் செய்யும் வேலை கேன்ட்ரியை வேகப்படுத்துவதும், வேகத்தைக் குறைப்பதும், உராய்வை வெல்வதும் மட்டுமே. சொல்லப்போனால் தடித்த தகடு மோட்டாருக்குச் சுலபமான வேலை. 45 ஆம்பியரில் 10 மி.மீ. தகட்டை நிமிடத்துக்கு 1000 மி.மீ.க்கும் குறைவாகத்தான் வெட்ட முடியும். 1.5 மி.மீ. தகட்டுக்கு 6000க்கும் மேலே போக வேண்டியிருக்கும். மோட்டாரைச் சோதிப்பது மெல்லிய தகடு.

அதனால் முதலில் முடுக்கத்தை எடுத்துக்கொண்டோம். ஜிஆர்பிஎல்லில் அது நொடிக்கு நொடி 500 மி.மீ. என்று இருந்தது. நிமிடத்துக்கு 6000 என்றால் நொடிக்கு 100 மி.மீ. அந்த முடுக்கத்தில் 100 மி.மீ. வேகத்தை எட்ட 10 மி.மீ. தூரம் ஓட வேண்டும், நிற்க இன்னொரு 10 மி.மீ. 20 மி.மீ. சதுரம் வெட்டினால் ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியில் மட்டுமே டார்ச் முழு வேகத்தைத் தொடும். மற்ற இடங்களிலெல்லாம் தகடு தேவைக்கு மேல் சூடாகி, உருகிக் கசடாகும். மூலை வீங்கியதன் காரணம் இதுதான். முடுக்கத்தை 3000 ஆக்கினால் அந்த 10 மி.மீ. 1.7 மி.மீ.யாகச் சுருங்கும். வளைவுக்கும் இதே கதைதான்: 10 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நொடிக்கு 100 மி.மீ. வேகத்தில் சுற்ற, மையத்தை நோக்கிய முடுக்கம் மட்டுமே 2000 மி.மீ. வேண்டும்.

3000ஐ இலக்காக வைத்து விசையைப் போட்டோம். 36 கிலோவை 3 மீட்டர் முடுக்கத்தில் நகர்த்த 108 நியூட்டன். கேன்ட்ரியை ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்ததில் உராய்வு ஏறக்குறைய 30. மொத்தம் 140 என்று வைத்துக்கொண்டு இரண்டு மோட்டார்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 70 நியூட்டன். பினியனின் ஆரம் 15 மி.மீ. என்பதால் பினியனில் தேவைப்படும் முறுக்குவிசை 1.05 நியூட்டன் மீட்டர். 8.5 நியூட்டன் மீட்டர் மோட்டாரிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். இன்னும் பெரிய மோட்டார் என்ற பேச்சு அத்தோடு நின்றது.

அப்படியானால் அலை எங்கிருந்து? பினியன் ஒரு சுற்றுச் சுற்றினால் மெஷின் 94.2 மி.மீ. நகர்கிறது. ஸ்டெப்பர் ஒரு சுற்றை 200 முழு ஸ்டெப்பாகப் பிரிக்கிறது. ஆக ஒரு முழு ஸ்டெப் என்பது 0.47 மி.மீ. ஒவ்வொரு ஸ்டெப்பையும் இன்னும் சின்னதாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப் போட்டால் எண்ணில் அது நுணுக்கமாகிவிடும். ஆனால் மோட்டாருக்குள் சுற்றும் ரோட்டார் உண்மையில் அந்த நுணுக்கத்தில் நிற்காது. பாரத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் ஆடும். பெரும்பாலான ஸ்டெப்பர்களில் நொடிக்கு 100 முதல் 200 முழு ஸ்டெப் வரையிலான பகுதியில் ஒத்ததிர்வு வரும், அதாவது அந்த ஆட்டம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். இந்தப் பினியனில் அது நிமிடத்துக்கு 2830 முதல் 5650 மி.மீ. காகிதத்தில் அலை வந்த வேகம் அதுவேதான். மெல்லிய தகடு வெட்டும் வேகத்திலேயே மோட்டாரின் அதிர்வையும் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள்.

மோட்டார் பற்றிய முடிவு

வேகக் குறைப்பு தேவை என்பதில் சந்தேகம் இல்லை. டைமிங் பெல்ட்டில் மூன்றுக்கு ஒன்று போட்டால் மோட்டார் ஒரு சுற்றுக்கு 31.4 மி.மீ., முழு ஸ்டெப் 0.157 மி.மீ. நிமிடத்துக்கு 15000 மி.மீ. வேகத்தில் சும்மா நகரும்போதுகூட மோட்டார் நிமிடத்துக்கு 480 சுற்றுதான் சுற்றும். எந்த மோட்டார் என்பதில்தான் விவாதம் நடந்தது.

இருக்கிற நீமா 34ஐயே வைத்துப் பெல்ட் மட்டும் சேர்க்கலாம் என்பது உரிமையாளரின் விருப்பம். இயல்பான ஆசைதான். தடை மின்னழுத்தத்தில் இருந்தது. ஸ்டெப்பருக்கு ஏற்ற வோல்ட்டேஜைக் கணிக்கப் பலரும் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு: மில்லிஹென்ரியில் உள்ள இன்டக்டன்ஸின் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்குவது. 6 மில்லிஹென்ரிக்கு அது ஏறக்குறைய 78 வோல்ட். கையில் இருந்ததோ 36 வோல்ட்டும் 50 வோல்ட் டிரைவரும். இன்டக்டன்ஸ் அதிகமுள்ள காயிலில் குறைந்த வோல்ட்டேஜ் போட்டால், வேகம் கூடக் கூடக் கரன்ட் ஏற நேரம் கிடைக்காது, முறுக்குவிசை சரியும். நேராக மாட்டியிருந்தவரை சுற்று குறைவாக இருந்ததால் இது வெளியே தெரியவில்லை. பெல்ட் போட்டுச் சுற்றைக் கூட்டினால் தெரிந்துவிடும். டிரைவர், சப்ளை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். தவிர, மூன்றுக்கு ஒன்றில் அந்தப் பெரிய ரோட்டாரை மட்டும் முடுக்கவே 0.16 நியூட்டன் மீட்டர் போகிறது. கேன்ட்ரியை இழுக்க மோட்டார் தண்டில் தேவைப்படுவதே 0.35தான்.

லேபிளில் இருக்கும் ஹோல்டிங் டார்க், மோட்டார் அசையாமல் நிற்கும்போது உள்ள பிடிமானம். அதை வைத்து ஓடும் மெஷினுக்கு மோட்டார் வாங்குவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கும் தவறு. நீமா எண்ணும் அப்படியே. நீமா 23 என்பது 2.3 அங்குல முகப்பு, நீமா 34 என்பது 3.4 அங்குலம். பலத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

தன் நிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் ஏசி சர்வோ மோட்டாரையும் யோசித்தோம். 400 வாட் சர்வோ 3000 சுற்றில் வேலை செய்யப் பிறந்தது. நமக்குத் தேவையான வேகத்துக்குப் பத்துக்கு ஒன்று போலக் குறைக்க வேண்டும். நல்ல கியர்பாக்ஸ் இல்லாவிட்டால் அதன் இடைவெளியே வெட்டில் தெரியும். மேசைக்குச் சர்வோ தரும் கூடுதல் வேகம் இங்கே பயன்படாது என்று கைவிட்டோம்.

கடைசியில் எடுத்தது, என்கோடர் (தண்டு உண்மையில் எவ்வளவு சுற்றியது என்று அளக்கும் சென்சார்) வைத்த நீமா 23 ஸ்டெப்பர். 3 நியூட்டன் மீட்டர், 5 ஆம்பியர், 2 மில்லிஹென்ரி. நீள அச்சுக்கு இரண்டு, குறுக்குக்கு ஒன்று. டார்ச் ஏற்றி இறக்க என்கோடர் இல்லாத சிறிய நீமா 23. மோட்டாருக்குச் சுமார் 2 கிலோதான் என்பதால் கேன்ட்ரி 28 கிலோவுக்கு இறங்கியது. அதற்கு முந்தைய 36 கிலோவுக்கே, ரோட்டாரையும் சேர்த்து, மோட்டார் தண்டில் 0.4 நியூட்டன் மீட்டர் போதும். போதிய வோல்ட்டேஜ் இருந்தால் இந்த வகை மோட்டாரிடம் 480 சுற்றில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

என்கோடருக்குக் காரணம் பலம் அல்ல. ஒரே கேன்ட்ரியை இரண்டு மோட்டார்கள் இழுக்கும்போது ஒன்று மட்டும் பின்தங்கினால் கேன்ட்ரி கோணலாகி இறுகிக்கொள்ளும். சாதாரண ஸ்டெப்பருக்கு அது நடந்ததே தெரியாது. என்கோடர் இருந்தால் டிரைவர் அலாரம் கொடுக்கும். அந்த அலாரம் ஒயர் கண்ட்ரோலர்வரை போய், எல்லா அச்சுகளையும் நிறுத்தினால்தான் பயன். மூன்று டிரைவர்களின் அலாரத்தையும் தொடராக இணைத்தோம்.

பவர் சப்ளையில் விவாதம் அதிகம் இல்லை. 2 மில்லிஹென்ரிக்கு 45 வோல்ட் வருகிறது. டிரைவரின் உச்ச வரம்பு 50. கேன்ட்ரி வேகம் குறையும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி வோல்ட்டேஜை மேலே தள்ளும் என்பதால் வரம்பை ஒட்டி வைக்க விரும்பவில்லை. 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸை அதன் திருகில் 44க்கு இறக்கி வைத்தோம்.

கண்ட்ரோலரும் இரைச்சலும்

ஜிஆர்பிஎல் மோசமான மென்பொருள் இல்லை. ஊனோவில் நொடிக்கு 30,000 பல்ஸ்வரை அது தரும். நமக்குத் தேவை அதில் பாதிகூட இல்லை. பிரச்சினை அது உட்கார்ந்திருக்கும் இடம். யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்பின் கிரவுண்டும் மெஷினின் கிரவுண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இரைச்சல் உள்ளே வந்தால் கணினி அந்தப் போர்ட்டைத் துண்டித்துவிடும். ஈதர்நெட் போர்ட்டில் ஒவ்வொரு ஜோடி ஒயருக்கும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. மின்சார ரீதியாக இரு பக்கமும் பிரிந்தே இருக்கும்.

இதனால் லினக்ஸ்சிஎன்சி என்னும் கட்டுப்பாட்டு மென்பொருள், அதோடு ஈதர்நெட் வழியாகப் பேசும் மெசா கார்டு என்று முடிவானது. ஸ்டெப் பல்ஸைக் கார்டே உருவாக்குவதால் பழைய கணினியே போதும். பிளாஸ்மாவுக்கென்று தனித் திரையும், டார்ச் உயரத்தைக் கட்டுப்படுத்தும் வசதியும் மென்பொருளோடு சேர்ந்தே வருகின்றன. லினக்ஸ் பழக மருமகனுக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது. காசு கொடுத்து வாங்கும் தனிக் கண்ட்ரோலர் பெட்டி அந்தச் சிரமத்தைத் தவிர்த்திருக்கும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. இந்தக் கட்டத்தில் எங்களுக்குப் பார்க்க முடிவதுதான் முக்கியமாகப் பட்டது.

கார்டை மாற்றியது பாதி வேலை. மீதி ஒயரிங். லிமிட் சுவிட்சுகளைக் கழற்றிவிட்டு உலோகம் நெருங்குவதைத் தொடாமலே உணரும் 24 வோல்ட் இன்டக்டிவ் சென்சார்களைப் போட்டோம், உலோகம் அருகில் இல்லாதபோது சுற்று மூடியிருக்கும் வகை. 5 வோல்ட் உள்ளீட்டை ஏமாற்றச் சின்ன இரைச்சல் போதும். ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் 24 வோல்ட் ஆப்டோகப்ளரை ஏமாற்ற அது சில மில்லிஆம்பியர் கரன்ட்டைத் தள்ளியாக வேண்டும். ஒயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும் என்பது கூடுதல் லாபம். ஸ்டெப் சிக்னல்களைக் கேபினெட்டுக்குள்ளேயே குறுகிய முறுக்கிய ஜோடிகளாக முடித்து, மேசைக்குப் போவது மோட்டார், என்கோடர் கேபிள்கள் மட்டும் என்று ஆக்கினோம். எல்லாம் ஷீல்டு கேபிள், ஷீல்டு கேபினெட் பக்கம் மட்டுமே எர்த்தில். டார்ச் கேபிள் கேன்ட்ரியின் எதிர்ப்பக்கம் தனியாகப் போனது. மேசைச் சட்டம், கேபினெட், பிளாஸ்மாவின் ஒர்க் கிளாம்ப் மூன்றும் ஒரே போல்ட்டில் சந்திக்கும்படி தடித்த ஒயர். மேசைக்கென்று அடித்த எர்த் ராடைக் கட்டடத்தின் எர்த்தோடு எலக்ட்ரீஷியன் சேர்த்துக்கொடுத்தார். தனித்தனி எர்த்தாக விட்டிருந்தால் அது ஆபத்து.

எமர்ஜென்சி பொத்தான் அதுவரை கண்ட்ரோலருக்குச் செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. அதை ரிலே வழியாக மோட்டார் சப்ளையையும் டார்ச் டிரிகரையும் நேரடியாகத் துண்டிக்கும்படி மாற்றினோம். இதில் யாருடைய கருத்தையும் கேட்கவில்லை.

பிளாஸ்மா மெஷினே மீதித் தொல்லை

இத்தனைக்கும் பிறகு இணைப்பு அறுவது நின்றது, பொய் லிமிட் நின்றது. புதிதாக ஒன்று முளைத்தது. டார்ச் பற்றும்போது, எப்போதாவது ஒரு டிரைவர் காரணமில்லாமல் அலாரம் அடித்தது. மோட்டார் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும், ஆனால் என்கோடர் நகர்ந்ததாகச் சொல்லும். என்கோடர் கேபிள் இரைச்சலுக்குப் புது வாசலாகிவிட்டது.

கையிலிருந்த பிளாஸ்மா ஹெச்எஃப் முறையில் பற்றும் வகை. டார்ச்சுக்குள் இருக்கும் எலக்ட்ரோடுக்கும் நுனித் துளையான நாசிலுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தாண்ட ஆயிரக்கணக்கான வோல்ட்டில் உயர் அதிர்வெண் பொறியை அது உருவாக்கும். அந்தப் பொறி ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் போலச் சுற்றிலும் பரவும். மற்ற வகையில், உள்ளே தொட்டுக்கொண்டிருக்கும் எலக்ட்ரோடைக் காற்றழுத்தம் பின்னுக்குத் தள்ளும்போது மின்வில் பற்றிக்கொள்ளும். இரைச்சல் மிகக் குறைவு.

"வெட்டற மெஷின் நல்லாத்தானே வெட்டுது, அதை ஏன் மாத்தணும்?" என்றார் உரிமையாளர். என்கோடர் கேபிளில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போட்டோம், மெஷினைத் தூரத் தள்ளினோம். குறைந்தது, ஒழியவில்லை. முடிவை எடுக்க வைத்தது உயரக் கட்டுப்பாடு. டார்ச் உயர்ந்தால் வில்லின் வோல்ட்டேஜும் ஏறும், அதனால் அந்த வோல்ட்டேஜைப் பிரித்தெடுத்துக் கார்டுக்குக் கொடுக்க வேண்டும். ஹெச்எஃப் பொறி வரும் அதே ஒயரில் அளவீட்டுப் பலகையை மாட்டினால் பலகை போய்விடும். மெல்லிய தகடு சூட்டில் வளையும், உயரக் கட்டுப்பாடு இல்லாமல் நீளமான துண்டு வெட்ட முடியாது. காற்றழுத்தத்தில் பற்றும், 50க்கு 1 என்று பிரித்த வோல்ட்டேஜ் வெளியீடு உள்ள மெஷின் வந்தது. பழையது கை வேலைக்குப் போனது. பொய் அலாரம் அதற்குப் பிறகு வரவில்லை.

ஓட ஆரம்பித்த பிறகு

முடுக்கம் 3000லேயே நின்றது. டயல் கேஜ் வைத்து, வெட்டாமல் நீண்ட புரோகிராம் ஒன்றை ஓட்டித் திரும்ப வரவைத்தபோது வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள். 100 மி.மீ. சதுரத் துண்டுகள் 0.3 மி.மீ.க்குள் வருகின்றன. உள்மூலைக் கசடு பெரும்பாலும் போய்விட்டது.

ஒத்ததிர்வு முழுதாகப் போகவில்லை, இடம் மாறியது. மூன்றுக்கு ஒன்று போட்டதால் இப்போது அது 950 முதல் 1900 மி.மீ. வேகத்தில் இருக்கிறது, அதாவது 6 மி.மீ. தகடு வெட்டும் வேகம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் தெரியும், கையில் உரசாது. என்கோடர் டிரைவர் அதைத் தணிக்கிறது என்பதால் விட்டுவிட்டோம்.

உயரக் கட்டுப்பாட்டில் ஆரம்பத்தில் டார்ச் மூலைகளில் தகட்டை நோக்கிப் பாய்ந்தது. மூலையில் வேகம் குறைய, வெட்டுப் பள்ளம் அகலமாகி வில் நீள்கிறது, வோல்ட்டேஜ் ஏறுகிறது. கட்டுப்பாடு அதை டார்ச் உயர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கீழே இறக்குகிறது. குறித்த வேகத்துக்குக் கொஞ்சம் கீழே போனாலே உயரத்தைப் பூட்டிவிடும்படி வைத்ததும் சரியானது. முடுக்கம் 500ஆகவே இருந்திருந்தால் சின்னத் துண்டுகளில் உயரம் முக்கால்வாசி நேரம் பூட்டியே கிடந்திருக்கும்.

ஒருமுறை வெட்டி விழுந்த துண்டு நிமிர்ந்து நின்று, வேகமாக நகர்ந்த டார்ச் அதில் மாட்டிக்கொண்டது. ஒரு பக்க டிரைவர் அலாரம் கொடுக்க, எல்லா அச்சுகளும் நின்றன. இரு பக்கமும் ஆரம்பப் புள்ளியைக் காட்டும் தனித்தனி ஹோம் சென்சார் இருப்பதால் கேன்ட்ரியைத் திரும்ப நேராக்க முடிந்தது. டார்ச் பிடிப்பான்தான் வளைந்துவிட்டது. அதற்குப் பதிலாக, முட்டினால் கழன்றுகொள்ளும் காந்தப் பிடிப்பானைப் போட்டார்கள்.

6 மி.மீ. தகட்டில் 8 மி.மீ. துளை இன்னும் கூம்பாகத்தான் வருகிறது. அது ஏர் பிளாஸ்மாவின் இயல்பு, மோட்டார் எதை மாற்றினாலும் மாறாது. அந்தத் துளைகளுக்கு டார்ச் மையத்தில் புள்ளி மட்டும் வைக்கிறது, டிரில்லில் போட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்த முறை என்றால்

இந்த மேசையில் வாங்கிய வரிசை: மோட்டார், அதற்கு டிரைவர், பிறகு கண்ட்ரோலர். பிளாஸ்மா மெஷின் ஏற்கெனவே இருந்ததால் அதை யாரும் யோசிக்கவில்லை. நான் இதையே இன்னொருவருக்குச் சொல்வதானால் பிளாஸ்மாவிலிருந்து ஆரம்பிப்பேன். அது எப்படிப் பற்றுகிறது, வில் வோல்ட்டேஜை வெளியே தருகிறதா என்ற இரண்டு கேள்விகளும் கண்ட்ரோலரையும் ஒயரிங்கையும் ஏறக்குறைய முடிவு செய்துவிடும். அடுத்து, வெட்டப்போகும் தகடுகளில் மிக மெல்லியது எது, மிகச் சின்ன உருவம் எது என்று பார்த்து முடுக்கத்தைக் குறிப்பேன். கேன்ட்ரி எடையும் பினியனும் தெரிந்தால் குறைப்பு விகிதமும் முறுக்குவிசையும் கணக்கில் வந்துவிடும். மோட்டாரைக் கடைசியாக வாங்கினால் போதும்.

என்கோடரை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். நல்ல டிரைவரோடு சாதாரண நீமா 23 போட்டு வருடக்கணக்கில் ஓடும் மேசைகள் இருக்கின்றன. இரண்டு மோட்டார் இழுக்கும் கேன்ட்ரி, பக்கத்தில் ஆள் நிற்காமல் ஓடும் மேசை என்றால் அது வேண்டும் என்பேன்.

இப்போது உரிமையாளர் அதே மேசையில் அலுமினியம் கடைய, கட்டரைச் சுழற்றும் ஒரு ஸ்பின்டிலும் பூட்டலாமா என்று கேட்கிறார். மேலே போட்ட கணக்கு வெட்டுவிசை பூஜ்யம் என்ற ஒரே அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஸ்பின்டில் வந்தால் அந்த அனுமானம் போய்விடும், கேன்ட்ரி எவ்வளவு வளையும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். தனி மேசையாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன். கழற்றி வைத்த நீமா 34 நான்கும் அதற்கு உதவலாம், 80 வோல்ட் டிரைவர் கிடைத்தால்.